காற்று எப்படி என்று கேட்க வேண்டும்

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

என் கடல் சட்டப் புத்தகத்துக்காக எழுதி அனுப்பி, நீ திருப்பி அனுப்பிய காகிதக் கட்டு நேற்று வந்தது. பிரித்துப் பார்த்தேன். என் மாணவர்களின் விடைத்தாளில்கூட நான் இவ்வளவு சிவப்புப் பென்சில் போட்டதில்லை.

அத்தனை சிவப்பும் ஒரே சொல்லின் மேல். நான் "வேண்டும்" என்று எழுதிய இடத்திலெல்லாம் அதை அடித்துவிட்டு "வேண்டியிருந்தது" என்று எழுதியிருக்கிறாய். போதாததற்கு ஓரத்தில், "செத்துப்போன சட்டத்துக்கு இறந்தகாலம்தான் பொருத்தம்" என்று ஒரு குசும்பு. நீ கப்பல் ஓட்டுகிறாய், சரி. என் வாக்கியத்தையும் நீதான் ஓட்டணுமா?

முதலில் அந்தப் பகுதியை நிதானமாகப் படித்தாயா? எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் வணிகக் கப்பல்களுக்காக ஒரு சட்டச் சுருள் எழுதினார்கள். கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் முன் கேப்டன் மாலுமிகளைக் கூப்பிட்டு, "இந்தக் காற்று எப்படி?" என்று கேட்க வேண்டும். சிலர் போகலாம் என்பார்கள், சிலர் வேண்டாம் என்பார்கள். எந்தப் பக்கம் ஆள் அதிகமோ அந்தப் பக்கம் கேப்டன் நிற்க வேண்டும். மீறிப் போய்க் கப்பல் மூழ்கினால் நஷ்டத்தை அவரே ஈடுகட்ட வேண்டும். ராஜாக்கள் யாரையும் எதுவும் கேட்காத காலம் அது. அப்போது ஈரக் கயிறு இழுக்கிற ஆளைக் கேட்கச் சொல்லி ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருக்கிறது எனக்கு.

ஒரே ஒரு இடத்தில் நீ பென்சில் வைக்கவில்லை. நோய்வாய்ப்பட்ட மாலுமியைக் கரையில் விட்டுப்போக நேர்ந்தால், அவனுக்குத் தங்க இடமும், பார்த்துக்கொள்ள ஒரு ஆளும், கப்பலில் தின்ற அதே சாப்பாடும், வெளிச்சத்துக்கு ஒரு மெழுகுவத்தியும் கொடுக்க வேண்டும் என்று வருகிறதே, அந்த இடம். அது கண்ணில் படவில்லையா, அடிக்க மனசு வரவில்லையா?

எங்கள் மாலுமிப் பயிற்சிப் பள்ளி முதல்வர் கறாராகச் சொல்லிவிட்டார். "நீங்க சட்டம் படிச்சவங்க. கடல் தெரிஞ்ச ஒருத்தர் முன்னுரை எழுதினாத்தான் பாடப்புத்தகமா வைப்பேன்." எனக்குத் தெரிந்த ஒரே கேப்டன் நீதான், என் தலையெழுத்து. முன்னுரையை அனுப்பு. பென்சிலை வைத்துக்கொள்.

தங்கை


மார்ச் 19

அன்புள்ள சட்டாம்பிள்ளைக்கு,

பாவாடை கட்டிய வயதில் நொண்டி விளையாட்டுக்கு விதி எழுதிச் சுவரில் ஒட்டியவளுக்கு நான் வைத்த பெயர் இன்னும் பொருந்துகிறது பார்.

முன்னுரை எழுதுகிறேன். ஆனால் அந்த "வேண்டும்" எல்லாம் "வேண்டியிருந்தது" ஆனால்தான். இது வீம்பு இல்லை. உன் பள்ளியிலிருந்து வருகிற பையன்கள் என் போன்றவர்களின் கப்பலில்தான் ஏறப்போகிறார்கள். கப்பலில் ஒருவர் சொல்ல வேண்டும், மற்றவர் கேட்க வேண்டும். காற்றைப் பற்றி ஓட்டெடுப்பு நடத்தினால் கப்பல் கரையிலேயே துருப்பிடிக்கும். உன் சட்டங்களை எல்லாம் எழுதியவர்கள் கால் நனையாத ஆட்கள்.

நீ அனுப்பிய இரண்டாவது பிரதியை என்ன செய்தேன் என்று கேட்காதே என்று எழுத நினைத்தேன், நானே சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டு அறையில் பழைய பத்திரிகைகளோடு போட்டேன். எங்கள் சுக்கானிக்குக் கணீரென்று குரல். இப்போது தினமும் சாப்பாடு முடிந்ததும் அவர் உன் புத்தகத்தை உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்கள். கப்பல் மூழ்காமல் இருக்க ஒரு வியாபாரியின் சரக்கைக் கடலில் எறிந்தால், அந்த நஷ்டத்தை எல்லா வியாபாரிகளும் கப்பல்காரரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்ற பழைய சட்டத்துக்குக் கைதட்டலே விழுந்ததாம்.

கேப்டன் கொடுக்கிற முதல் அடியை மாலுமி பொறுத்துக்கொள்ள வேண்டும், இரண்டாவது அடிக்குத் தற்காத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறாய் அல்லவா? நேற்று சமையல்காரர் குழம்பைத் தீய்த்துவிட்டுக் கன்னத்தைக் காட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். "ஒண்ணுதான் சார் உங்களுக்கு உரிமை. பாத்து அடிங்க."

மெழுகுவத்தியைப் பற்றிக் கேட்டாய். அந்த இடத்தில் பென்சில் முனை உடைந்துவிட்டது. வேறொன்றும் இல்லை.

உன் அண்ணியிடம் மாடிக் குழாயைச் சரிசெய்யச் சொல்.

அண்ணன்


ஏப்ரல் 2

அண்ணா,

மாற்ற மாட்டேன்.

"வேண்டும்" என்ற சொல்லுக்குக் காலம் கிடையாது. நேற்றும் வேண்டும், இன்றும் வேண்டும், நாளைக்கும் வேண்டும். மூன்றுக்கும் அதே சொல்தான். அதை நான் கண்டுபிடிக்கவில்லை, நம் மொழி எனக்குக் கொடுத்தது. "வேண்டியிருந்தது" என்று எழுதினால் பையன்கள் பரீட்சைக்குப் படித்து மறுநாள் மறந்துவிடுவார்கள்.

கால் நனையாத ஆட்கள் என்கிறாய். கப்பலின் வயிற்றில் இதற்கு மேல் மூழ்கக் கூடாது என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்களே, அதன் மேல் தினமும் நின்றுகொண்டுதானே பேசுகிறாய்? அந்தக் கோட்டைக் கட்டாயமாக்க நாடாளுமன்றத்தில் நின்று கத்தியவர்கள் கரையில் இருந்தவர்கள்தான். கப்பல் மூழ்கினால் மாலுமிக்குக் கூலியும் மூழ்கியது என்று ஒரு விதி நூற்றாண்டுக் கணக்கில் இருந்தது. நீந்திப் பிழைத்து வந்தவன் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனான். அதையும் யாரோ கரையில் இருந்த ஒருவர்தான் ஒழித்தார். கால் நனையவில்லை, சரி. கண் நனைந்திருக்கும்.

கோபம் போக ஒரு விஷயம். சுக்கானி படிப்பதில் எனக்குச் சந்தோஷம். என் வகுப்பில் பெஞ்சுக் காலில் முடிச்சுப் போட்டுப் பழகுகிறவர்கள்கூட அவ்வளவு கவனிப்பதில்லை. ஆனால் இதெல்லாம் இப்போது நடப்பில் உள்ள சட்டம் இல்லை என்று அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு. நான் அதை முகவுரையில் எழுதியிருக்கிறேன். முகவுரையை யார் படிக்கிறார்கள்?

குழாய் சரியாகிவிட்டது. இப்போது சுவர் ஒழுகுகிறது.

தங்கை


ஏப்ரல் 21

அன்புள்ள சட்டாம்பிள்ளைக்கு,

"ஒரு வார்த்தை சொல்லிவிடு" என்று நீ எழுதிய கடிதம் துறைமுக ஏஜெண்ட் வழியாக என் கைக்கு வந்தது ஒரு சாயங்காலம். அந்த வார்த்தை எனக்குத் தேவைப்பட்டது அன்று காலை.

மேல்தளம் முழுக்க மரத்தடிகள் ஏற்றிக் கட்டியிருந்தோம். காற்று கொஞ்சம் முரண்டு பிடித்தது. இதைவிட மோசமான காற்றில் நான் டீ குடித்துக்கொண்டே போயிருக்கிறேன். கயிறுகளை அவிழ்க்கச் சொன்னேன். எல்லோரும் அவரவர் கயிற்றின் பக்கத்தில் ஒழுங்காக நிற்கிறார்கள். ஒருவரும் கை வைக்கவில்லை.

"என்னப்பா?" என்றேன்.

சுக்கானி முன்னால் வந்தார். "நீங்க இன்னும் கேக்கலயே கேப்டன்."

"என்னத்தைக் கேக்கணும்?"

"காத்து எப்படின்னு எங்களை. புத்தகத்துல இருக்கே, 'கேட்க வேண்டும்'னு. தங்கச்சியம்மா தப்பாவா எழுதுவாங்க?"

என் பக்கத்தில் முதல் அதிகாரி பேனாவைத் திறந்துவிட்டார். "எழுதிடவா சார்? உத்தரவை மீறினாங்கன்னு?" கூட்டமாக உத்தரவை மீறினால் என்ன தண்டனை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுடைய பிழைப்பே போய்விடும்.

அது செத்துப்போன சட்டம்ப்பா என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போது அவர்கள் முகத்தைப் பார்த்தேன். ஒருவர் முகத்திலும் எதிர்ப்பு இல்லை. பந்தியில் இலை போட்டதும் உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி, முறைப்படி வரும் என்று நம்பிக் காத்திருந்தார்கள்.

"சரி. காத்து எப்படிப்பா?" என்று கேட்டேன்.

அடேயப்பா, எவ்வளவு யோசித்தார்கள்! வானத்தைப் பார்த்தார்கள், கொடியைப் பார்த்தார்கள், மரக்கட்டைத் தட்டிப் பார்த்தார்கள். "காத்து பக்கவாட்டுல வருது கேப்டன், மேல பாரம் இருக்கு. நாளைக்குப் போலாம்" என்றார்கள் நிறையப் பேர். போகலாம் என்றவர்களில் சமையல்காரர் ஒருவர். "எனக்குப் பல்லுவலி சார். ஊருக்குப் போய்ப் புடுங்கணும்." முதல் அதிகாரி என்ன செய்தார் தெரியுமா? பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, மெதுவாக நடந்துபோய் வேண்டாம் என்றவர்கள் பக்கம் நின்றுகொண்டார்.

நாங்கள் போகவில்லை.

புயல் வந்து நாங்கள் தப்பித்தோம் என்று எழுத எனக்கும் ஆசைதான். வரவில்லை. எங்கள் கம்பெனியின் இன்னொரு கப்பல் அன்று மதியமே கிளம்பிச் சேதமில்லாமல் போய்ச் சேர்ந்தது. அதன் கேப்டன் மேசையில் வைத்த தண்ணீர்கூடத் தளும்பவில்லை என்று சொல்லிச் சிரித்தாராம். கம்பெனிக்காரர்கள் சிரிக்கவில்லை. கப்பல் துறை அதிகாரியிடம் புகார் போயிருக்கிறது. அடுத்த மாதம் விசாரணை. என் கேப்டன் சான்றிதழ் நிற்குமா என்று அங்கேதான் தெரியும்.

உன்மேல் கோபம் வரும் என்று காத்திருக்கிறேன். இன்னும் வரவில்லை.

அண்ணன்


ஏப்ரல் 29

அண்ணா,

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உனக்கு நான் இதைச் செய்துவிட்டேனே. அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை. உன் கடிதத்தைப் படித்ததும் அச்சகத்துக்கு ஓடினேன். எழுத்துக் கோத்து வைத்திருந்ததை எல்லாம் பிரிக்கச் சொல்லி, ஒவ்வொரு "வேண்டும்" இருந்த இடத்திலும் "வேண்டியிருந்தது" வைக்கச் சொல்லிவிட்டேன். விசாரணையில் யாராவது என் புத்தகத்தைக் காட்டி உன்னைக் கேலி செய்ய நான் இடம் தர மாட்டேன். நீ சொன்னதுதான் சரி. செத்த சட்டம் செத்ததாகவே இருக்கட்டும்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள். இன்றைய சட்டத்தில் உனக்கு ஒரு கதவு இருக்கிறது. கப்பலின் பாதுகாப்புக்கு எது தேவை என்று கேப்டன் தன் அனுபவத்தில் முடிவு செய்தால், முதலாளிகூட அதில் குறுக்கிடக் கூடாது. நீ ஒரு வாக்கியம் சொன்னால் போதும். "போவது ஆபத்து என்று நான் முடிவு செய்தேன்." அவ்வளவுதான். மாலுமிகளைக் கேட்டதைப் பற்றி வாயே திறக்காதே. அவர்கள் வந்து நின்றதையும் சொல்லாதே. ஒரு வாக்கியம் அண்ணா. அதற்குப் பிறகு உன்னை யாரும் அசைக்க முடியாது.

எனக்காக வேண்டாம், அண்ணிக்காக.

தங்கை


மே 6

அன்புள்ள சட்டாம்பிள்ளைக்கு,

நல்ல கதவுதான். நான் அதன் வழியே போகப் போவதில்லை.

ஏன் என்று சொல்கிறேன். முதலாவது, அது உண்மை இல்லை. போகலாம் என்றுதான் நான் நினைத்தேன். கேட்காமல் இருந்திருந்தால் போயிருப்பேன். அவர்கள் சொன்னதைக் கேட்ட பிறகுதான், மரக்கட்டை நானும் ஒரு தடவை தட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது. தட்டிப் பார்த்தேன். அதன் பிறகு எனக்கும் போக மனசில்லை.

அடுத்தது, கம்பெனிக்காரர் புகாரில் எழுதியிருப்பதைப் படித்தேன். "மாலுமிகள் உத்தரவை மீறினார்கள், கேப்டன் பயந்து பணிந்தார்." நான் கேட்டதை மறைத்தால் மிச்சம் என்ன இருக்கும்? கயிற்றின் பக்கத்தில் கை கட்டி நின்றவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். எனக்குக் கதவு, அவர்களுக்குச் சுவரா?

இதை யோசித்துக்கொண்டு அறையில் நடந்துகொண்டிருந்தபோதுதான் உன் பழைய சட்டம் எனக்குப் புரிந்தது. கேப்டனுக்குக் காற்றைப் பற்றித் தெரியாது, மாலுமியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காக எழுதினார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதனால்தான் எனக்கு எரிச்சல். அது அதற்காக மட்டும் இல்லையம்மா. கேட்காத இடத்தில் மாலுமி "வேண்டாம்" என்றால் அதற்குப் பெயர் மறுப்பு, அவனைத் தண்டிக்கலாம். கேட்ட இடத்தில் அதே "வேண்டாம்" சொன்னால் அது பதில். பதில் சொன்னதற்காக யாரையும் தண்டிக்க முடியாது. ஒரே சொல், ஒரே ஆள், ஒரே காற்று. நடுவில் கேப்டன் ஒரு கேள்வி கேட்டானா இல்லையா என்பதுதான் வித்தியாசம். மாலுமிகளின் தலைக்கு மேல் ஒரு குடை பிடிப்பது மாதிரி அந்தக் கேள்வியை வைத்திருக்கிறார்கள். எழுதியவர்கள் கால் நனையாதவர்கள் என்று நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கழுத்துவரை நனைந்த எவனோதான் இதை எழுதியிருக்கிறான்.

ஆகவே விசாரணையில் நான் கேட்டதைச் சொல்வேன். சான்றிதழ் போனால் போகட்டும் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, போனால் அழுவேன். ஆனாலும் சொல்வேன்.

நீ உடனே அச்சகத்துக்குப் போ. நான் அடித்ததை எல்லாம் பழையபடி ஆக்கு.

மெழுகுவத்தி வரியில் பென்சில் முனை உடையவில்லை. என் முதல் கப்பலில் காய்ச்சல் கண்ட ஒருவரைத் தெரியாத ஊரில் இறக்கிவிட்டுப் போனோம். இறங்கும்போது அவர், "அந்த ரூம்ல லைட் இருக்குமா?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது.

அண்ணன்


மே 13

என் அருமை அண்ணாவுக்கு,

மறுப்பும் பதிலும் என்று நீ எழுதியதை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. இத்தனை வருஷமாக அந்த வரியைக் கரும்பலகையில் எழுதி அழிக்கிறேன். அதற்குள் இது இருப்பதை நான் பார்த்ததே இல்லை. உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. இரண்டையும் எழுதிவிட்டேன், எது பெரியது என்று கேட்காதே.

அச்சகத்துக்குப் போனேன். என்னைப் பார்த்ததுமே அச்சுக் கோப்பவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். "அம்மா, மொதல்ல வேண்டும்னீங்க. அப்புறம் வேண்டியிருந்ததுன்னீங்க. இப்ப ஒரு முடிவா சொல்லுங்க. 'வேண்டும்' வேணுமா, வேணாமா?"

"வேணும்" என்றேன். "எல்லா இடத்துலயும் வேணும்."

அண்ணியிடம் சொல்லிவிட்டேன். "வீட்டுல சுவருக்கு என்ன கலர் அடிக்கணும்னுகூட என்னைக் கேட்டதில்ல. அங்க போய்க் காத்தைக் கேட்டிருக்காரா?" என்றார். அப்புறம் அழுதார். அப்புறம் உனக்குப் பிடித்த சட்டையின் கிழிசலைத் தைத்துப் பெட்டியில் வைத்தார், விசாரணைக்குப் போட்டுக்கொள்ள. இத்துடன் வருகிறது.

தங்கை


மே 30

அன்புள்ள சட்டாம்பிள்ளைக்கு,

முடிந்தது. முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், நீ நகத்தைக் கடிக்காதே. மாலுமிகள்மேல் குற்றம் இல்லை. என் சான்றிதழ் என்னிடமே இருக்கிறது. கப்பல் இல்லை. கம்பெனி வேறு கேப்டனை வைத்துக்கொண்டது.

விசாரணை அதிகாரி நிதானமானவர். "எந்தச் சட்டத்தின் கீழ் அவர்களைக் கேட்டீர்கள்?" என்றார். "கேட்கக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை ஐயா" என்றேன். கம்பெனி வக்கீல் எழுந்து, மாலுமிகள் உத்தரவை மீறியது உண்மையா இல்லையா என்று சத்தம் போட்டார். "நான் கேட்டேன். அவர்கள் பதில் சொன்னார்கள். அதன் பிறகு அவிழ்க்கச் சொல்லி நான் உத்தரவே போடவில்லை. எதை மீறினார்கள்?" என்றேன். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவரே கைப்பட எழுதிக்கொண்டார். அந்த நேரத்தில் உன்னை நினைத்துக்கொண்டேன்.

உன் முன்னுரை இதோ. சின்னதுதான். கப்பல் இல்லாத கேப்டன் எழுதினால் உங்கள் முதல்வர் ஏற்பாரா என்று அவரையே கேட்டுக்கொள்.

"இந்தப் புத்தகத்தில் 'வேண்டும்' என்று வரும் இடங்களை எல்லாம் ஒருவர் 'வேண்டியிருந்தது' என்று திருத்தினார். அவர் நான்தான். மாணவர்கள் அந்தத் திருத்தத்தை மறந்துவிட வேண்டும். இந்தச் சட்டங்களில் சில இன்று நடப்பில் இல்லை. நடப்பில் இல்லாததால் அவை தேவையில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கெல்லாம் 'வேண்டும்' என்று இருக்கிறதோ, அங்கெல்லாம் வேண்டும்."

இறங்கிய கதையைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். பெட்டியை எடுத்துக்கொள்ள நேற்றுக் கப்பலுக்குப் போனேன். இலை அசையாத நாள். கடல் துடைத்த தரை மாதிரி கிடந்தது. படகு கீழே காத்திருந்தது. எல்லோரும் கம்பியோரம் வந்து நின்றார்கள். ஏணியில் கால் வைத்துக்கொண்டே விளையாட்டாகக் கேட்டேன், "என்னப்பா, காத்து எப்படி?"

அன்றைக்குப் போலவே வானத்தைப் பார்த்தார்கள். தொங்கிக் கிடந்த கொடியைப் பார்த்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுக்கானிதான் முதலில் சொன்னார், "காத்து சரியில்ல கேப்டன். போக வேணாம்." அடுத்தவர் அதையே சொன்னார். அதற்கு அடுத்தவரும். எப்போதும் போகலாம் என்கிற சமையல்காரர்கூட வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "சரியில்ல சார்" என்றார்.

ஒரு ஆள் பாக்கியில்லாமல் வேண்டாம் என்றார்கள். நீ எழுதின சட்டப்படி நான் இறங்கியிருக்கக் கூடாது.

அண்ணன்